மீன்தொட்டியும் எரிமலைக் கருமணலும்

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்போர் மீனைத் தெரிந்தெடுப்பதிலும் நீரை ஆயத்தப்படுத்துவதிலும் காட்டும் கவனத்தை அடியிற் பரப்பும் மணலிலே பெரும்பாலும் காட்டுவதில்லை. கடையிற் கிடைத்த வெண்மணலை, அன்றி நீலமும் சிவப்பும் ஊட்டிய சிறு கற்களைக் கொட்டி, அதன்மேல் நீரை விட்டு மீனையும் விடுவர். சில நாட்களில் மீன் நிறங்குன்றிவிட்டதென வருந்துவர். விற்றவன் ஏமாற்றிவிட்டான் என்பர் சிலர். உணவு போதாதென்பர் வேறு சிலர். உண்மையிலே பல வேளைகளில் மீன் தன் நிறத்தை இழந்துவிடவில்லை. தான் நிற்கும் தரைக்கேற்ப அதனைச் சுருக்கி வைத்திருக்கின்றது. எரிமலைக் கருமணல் மீன்தொட்டிக்குச் சிறந்ததென இக்காலத்திற் பலராலும் புகழப்படுவதற்கு அடிப்படைக் காரணம் இதுவே. அப்புகழிலே மெய் எவ்வளவு, மிகை எவ்வளவு என்பது ஆராயத்தக்கது.

இலங்கையின் தென்மேற்கிலே, களனி கங்கை முதல் நில்வளா கங்கை வரையுள்ள ஆறுகளின் நிழல் சூழ்ந்த சிற்றோடைகளில் வாழும் ஒரு சிறு கெண்டையினத்தைச் சிங்கள மக்கள் 'புலத் ஹப்பயா' என்று வழங்குவர். வெற்றிலை சப்புவது என்பது அப்பெயரின் பொருள். இனம்பெருக்குங் காலத்திலே ஆண்மீனின் தலையும் முன்னுடலும் வெற்றிலை சப்பிய வாய்போலச் சிவந்துவிடும். பின்னுடல் மையெனக் கறுத்துவிடும். 1868 இல் குந்தர் என்னும் விலங்கியலறிஞர் இம்மீனை நூலுலகுக்கு அறிமுகஞ் செய்தார். அதன் உறவினமாகிய 'லே தித்தயா'வை 1929 இல் தெரணியகல விவரித்தார். செந்நிறம் பற்றியே 'லே', அதாவது இரத்தம், என்னும் அடை அதற்கு அமைந்தது. இவ்விரண்டும் வேறெந்நாட்டிலும் இயற்கையாகக் காணப்படாதவை. ஆயினும் இன்று உலகெங்கும் மீன்தொட்டிகளில் வளர்க்கப்படுகின்றன. அவை பிறந்த ஓடைகளின் அடித்தரையோ உதிர்ந்த இலையும் சேறும் பரலும் கலந்த இருண்ட தரை. மேலே மரக்கிளைகள் கவிந்திருக்கும். அத்தகைய மீனைப் பளிச்சிடும் வெண்மணல்மீது விட்டால், செம்மையும் கருமையும் ஒடுங்கி, வெளிறிய மஞ்சளுடலில் சில கரும்பட்டைகள் மாத்திரம் கொண்ட எளிய மீனாகத் தோன்றும். பெயர் தந்தவன் அதனை இந்நிலையிற் கண்டிருப்பின் வெற்றிலையை நினைத்திருக்கமாட்டான்.

மீன் தரையை எவ்வாறு அறிகின்றது? அதன் தோலிலே நிறந்தாங்கிக் கலங்கள் பல உள. அவற்றுட் கருநிறந்தாங்கிக் கலம் ஒவ்வொன்றும் நடுவுடலும் பல கிளைகளும் கொண்டு, விரித்த கைபோல அமைந்துள்ளது. மெலனின் எனப்படும் கரும்பொருளின் நுண்மணிகள் அக்கிளைகளெங்கும் பரவும்போது தோல் கறுக்கின்றது. அவை நடுவிலே திரளும்போது தோல் வெளிறுகின்றது. கலத்தின் உருவம் மாறுவதில்லை. அதனுள்ளே மணிகள் இடம்பெயர்வதே நிகழ்வது. சிவப்பு, மஞ்சள் நிறங்களைத் தாங்கும் கலங்களும் ஏறக்குறைய இவ்வாறே தொழிற்படுவன.

இத்தொழிலை ஏவுவது பெரும்பாலும் கண்ணாகும். 1870களில் ஜோர்ஜ் பூசே என்னும் பிரான்சிய அறிஞர், பார்வையிழந்த தட்டைமீன்கள் தரைக்கேற்ப நிறமாறும் ஆற்றலையும் இழந்துவிடுதலைக் காட்டினார். 1911 இல் கார்ல் வொன் பிரிஷ், ஐரோப்பிய ஓடைமீனொன்றில் நிறமாற்றத்தை ஏவும் நரம்பின் வழியைத் தொடர்ந்து ஆராய்ந்தார். நரம்பு துண்டிக்கப்பட்ட பகுதி வெளிற இயலாது கருமையாகவே நின்றது. தேனீக்களின் நடனத்தை விளக்கிப் பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்றவரும் இவரே. நரம்பு விரைந்து ஆற்றும் இத்தொழிலை, கபச்சுரப்பியிலிருந்து குருதியிற் கலக்கும் ஓமோன்கள் நின்று நீடிக்கச் செய்கின்றன. கருமணிகளைத் திரட்டும் ஓமோனைச் சமன் மீனின் கபச்சுரப்பியிலிருந்து 1983 இலேயே ஜப்பானிய அறிஞர் பிரித்தெடுத்தனர்.

இங்கே மீன் வளர்ப்போர் கருதவேண்டிய நுட்பமொன்றுண்டு. மேலிருந்து வரும் ஒளி மீனின் விழித்திரையிலே கீழ்ப்பாகத்திலும், தரையிலிருந்து தெறித்துவரும் ஒளி மேற்பாகத்திலும் விழுகின்றது. இவ்விரண்டின் விகிதத்தையே மீன் அளவிடுகின்றது. வெண்மணல் மிகுதியான ஒளியைத் திருப்பி அனுப்பும். கருமணல் மிகச் சிறிதே அனுப்பும். விளக்கை மங்கலாக்கினால் இரண்டும் சேர்ந்து குறையுமேயன்றி விகிதம் மாறாது. ஆதலின், வெண்மணலால் வெளிறிய மீனுக்கு விளக்கைக் குறைப்பது மருந்தாகாது. தரையை மாற்றுவதே வழி. தொட்டியின் பின்புறக் கண்ணாடிக்குக் கரும்படலம் ஒட்டுவதும் ஓரளவு துணைபுரியும்.

சில மணி நேரத்தில் நிகழும் இம்மாற்றத்தோடு, வாரக்கணக்கில் நிகழும் மற்றொரு மாற்றமும் உண்டு. இருண்ட தரையில் நெடுநாள் வாழும் மீனிலே கருநிறந்தாங்கிக் கலங்களின் எண்ணிக்கையே மிகுகின்றது. வெண்டரையிலே அது குறைகின்றது. அமெரிக்காவிலே பிரான்சிஸ் சம்னர் இதனை நன்காராய்ந்தார். இம்மாற்றம் மீனுக்கு உண்மையிற் பயன்படுகின்றதா என்றறிய, 1934 இல் அவர் வெளியிட்ட ஆராய்ச்சியொன்று சுவையானது. நுளம்புக் குடம்பிகளை உண்பதற்கு நம் நாட்டிலும் விடப்பட்ட கம்பூசியா மீன்களை, கருந்தொட்டியில் ஒரு பகுதியும் வெண்டொட்டியில் ஒரு பகுதியுமாகச் சில வாரம் வளர்த்து, பின்னர் ஒன்றாகக் கலந்துவிட்டு, பென்குயின் பறவைகளை ஏவினார். தரையோடு நிறம் பொருந்தாத மீன்களே மிகுதியாக இரையாயின. தொட்டியிலே பென்குயின் இல்லை என்பது உண்மை; ஆயினும் மீனின் உடலுக்கு அது தெரியாது. ஒளி தெறிக்கும் தரைமேல் ஓடைமீன் மூலையிலும் செடியடியிலும் பதுங்குவதற்கும், இருண்ட தரைமேல் அதே மீன் தொட்டியின் நடுவே உலாவுவதற்கும் காரணத்தை இதனோடு பொருத்திப் பார்த்தல் தகும்.

இனி, புகழப்படும் அம்மணலின் பிறப்பைக் காண்போம். ஹவாய்த் தீவுகளிலே கிலாவெயா எரிமலையிலிருந்து வழிந்தோடும் குழம்பு கடலைச் சேரும்போது, நீராவி வெடித்தெழ, குழம்பு நொடிப்பொழுதிற் குளிர்ந்து கண்ணாடித் துகள்களாகச் சிதறுகின்றது. அலை அவற்றைக் கரையிலே சேர்த்துவிடும். சாதாரண மணல் உண்டாவதற்குப் பாறை பல்லாயிரம் ஆண்டுகள் தேயவேண்டும். இக்கருமணற் கடற்கரையோ சில வாரங்களிலே தோன்றிவிடக்கூடியது. 2018 ஆம் ஆண்டின் எரிமலைப் பெருக்கின்போது பொகொயிக்கி என்னுமிடத்தில் அவ்வாறு புதிய கரையொன்று உருவாயிற்று. தந்த கையே பறிப்பதுமுண்டு: கலப்பனாவிலே புகழ்பெற்றிருந்த கருமணற் கரை 1990 இல் எரிமலைக் குழம்பின்கீழ் மறைந்தது. புனலூ என்னும் கரையிலே பச்சை ஆமைகள் கருமணலில் வெயில் காய்வதை இன்றும் காணலாம். அம்மணலை அள்ளிச் செல்லுதல் அங்குச் சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது. கல்லும் மணலும் கொண்டுசென்றோர் பெலே என்னும் எரிமலைத் தெய்வத்தின் சினத்துக்கு அஞ்சித் திருப்பி அஞ்சலில் அனுப்புவதும் அங்கு வழக்கமாயுள்ளது. அச்சம் எதன்பொருட்டாயினும் மணல் தன்னிடஞ் சேர்வது நல்லதே.

ஹவாயின் கருமணல் பசாற்று என்னும் கருநிற எரிமலைப் பாறையின் துகளாகும். இரும்பும் மகினீசியமும் செறிந்த கனிமங்களும், அவை பளிங்காகுமுன் உறைந்த கண்ணாடியுமே அதன் கருமைக்குக் காரணம். நீரிலே அது எளிதிற் கரைவதில்லை. நீரின் வன்மையை உயர்த்துவதுமில்லை. மீன்தொட்டிக்கு ஏற்றதென்று கூறப்படுவது இவ்வியல்பு பற்றியே.

ஆனால் கரியதெல்லாம் இதுவன்று. நியூசீலாந்தின் வடதீவிலே மேற்குக் கரையிற் பரந்துகிடக்கும் கருமணலும் எரிமலையின் கொடையே. எனினும் அதிலே தைத்தானியம் கலந்த காந்த இரும்புக்கல் மிகுந்துள்ளது. உருக்குத் தொழிலுக்கு அதுவே மூலப்பொருளாயிற்று. நம் நாட்டிலே திருகோணமலைக்கு வடக்கேயுள்ள புல்மோட்டைக் கரையின் கருமணலை எரிமலை மணலென எண்ணுவோரும் உளர். அங்கே எரிமலை ஏதுமில்லை. உள்நாட்டின் மிகப் பழைய பளிங்குருப் பாறைகள் தேய, அவற்றினின்று நீங்கிய கனமான கனிமங்களை ஆறுகள் கடலுக்குக் கொண்டுசேர்க்க, அலைகள் இலேசான வெண்மணலைக் கழித்துக் கனமானவற்றைக் கரையிலே தேக்கிவைத்தன. நெல்லைச் சுளகிற் புடைத்துப் பதர் நீக்குவது போன்றதே அத்தொழில். அம்மணலின் கருமை இரும்பும் தைத்தானியமும் சேர்ந்த இல்மனைற்றினால் வந்தது. உரூத்தைல், சேர்க்கோன் என்பனவும், தோரியம் கொண்ட மொனசைற்றுச் சிறிதளவும் அதனுடன் கலந்துள்ளன. நாட்டின் செல்வமாகிய அம்மணல் மீன்தொட்டிக்கு வேண்டப்படுவதன்று.

கடைகளிலே கருமணல் என்னும் பெயரில் விற்கப்படுவன இன்னும் பலவகைப்படும். சாயமூட்டிய வெண்மணலும் உண்டு. நிலக்கரி எரிக்கும் உலைகளின் கழிவாகிய கண்ணாடிக் கசடு பொடிக்கப்பட்டு விற்பனைக்கு வருவதும் உண்டு. கசடு பார்வைக்கு எரிமலைக் கண்ணாடி போலவே மின்னும். ஆதலாற் பொதியின்மேல் எழுதியிருப்பதை நம்புவதினும், ஒரு பிடி மணலை வீட்டிலே சோதிப்பது மேலானது. அதற்கு ஆய்கூடம் வேண்டியதில்லை.

காந்தமொன்றைக் கடதாசியிற் சுற்றி உலர்ந்த மணலிலே இழுத்துப் பார்த்தல் வேண்டும். பசாற்று மணலிலே சில துகள்கள் ஒட்டுவது இயல்பு. தாடிபோலத் திரண்டு தொங்குமாயின் அம்மணலை விலக்குவதே நன்று. கண்ணாடியிற் படரும் பாசியை உள்ளும் புறமுமாக வைத்த காந்தங்களாற் துடைப்போர் பலர். அக்காந்தத்திலே துகள் சிக்கினால் கண்ணாடி முழுவதும் கீறலாகும். நீரை வடிக்கும் பம்பியினுள்ளேயும் காந்தம் சுழல்கின்றதாதலின், துகள்கள் அங்குஞ் சென்று ஒட்டி அதனைத் தேய்த்துவிடும். அடுத்து, மணலை வெண்கிண்ணத்திலிட்டு வினாகிரியை, அது இல்லையேல் தேசிக்காய்ப் புளியை, ஊற்றுக. நுரை எழுந்தால் சிப்பியோ பவளமோ கலந்துள்ளதென்பது துணிபு. அவை கல்சியம் காபனேற்றினால் ஆனவை. நீரிலே மெல்லக் கரைந்து அதன் வன்மையையும் காரத்தன்மையையும் உயர்த்தும். கடற்கரையில் எடுக்கப்பட்ட எம்மணலிலும் இக்கலப்பு இருக்கக்கூடும். உப்பைக் கழுவிவிடலாம், சிப்பித்துகளைக் கழுவிப் போக்க இயலாது. சாயமாயின், வெந்நீரிலே ஓரிரவு ஊறவைத்து வெண்டுணியிற் பிழிந்தால் தெரிந்துவிடும்.

எல்லாவற்றினும் முக்கியமானது விரல்களுக்கிடையே மணலைத் தேய்த்துப் பார்ப்பதாகும். அலையிலே நெடுங்காலம் உருண்ட மணல் வழவழப்பானது. புதிதாகச் சிதறிய எரிமலைக் கண்ணாடியும் பொடித்த கசடும் ஓரங்கள் கூரியவை. இக்கூர்மையால் மேல்நீரில் நீந்தும் கெண்டைக்குத் தீங்கில்லை. ஆனால் நம்மவர் குழம்புக்குப் பயன்படுத்தும் அயிரையைப் போன்ற மீன்களின் வாழ்வே மணலோடு பிணைந்தது. அயிரை மணலை வாயால் அள்ளி, உணவைக் கொண்டு, மிகுதியைச் செவுள்வழி வெளியேற்றும். அஞ்சினால் மணலுள் முழுவதும் புதைந்துகொள்ளும். தென்னமரிக்காவிலிருந்து வரும் கொரிடோராஸ் என்னும் சிறு கெளிற்றினமும் அவ்வாறே மணலைச் சலிப்பது. அவற்றின் மீசை மென்றசையாலானது. கூரிய மணலிலும், அழுக்குத் தேங்கிய மணலிலும் அது தேய்ந்து புண்ணாகி ஈற்றில் அற்றுப்போகும். மீசையிழந்த மீன் உணவைத் தேடி அறிதல் அரிது. ஆகவே கருமை எத்துணை அழகாயினும், உள்ளங்கையை உறுத்தும் மணலிலே இம்மீன்களை விடுதல் கொடுமையாகும்.

மணலின் அளவை எளிதிற் கணக்கிடலாம். 60 சென்ரிமீற்றர் நீளமும் 30 சென்ரிமீற்றர் அகலமும் உள்ள தொட்டியில் 4 சென்ரிமீற்றர் உயரம் பரப்புவதற்கு 7.2 இலீற்றர் மணல் வேண்டும். பசாற்று மணலாயின் அது ஏறக்குறைய 11 அல்லது 12 கிலோகிராம் நிறுக்கும். அதே அளவு மணல் கையிலே மிகக் கனத்தாற் காந்த இரும்புக்கல் மிகுந்ததென ஐயுறலாம். பசாற்றின் அடர்த்தி நீரினதைப்போல மூன்று மடங்குக்குச் சற்றுக் குறைவு, அதனுடையதோ ஐந்து மடங்குக்கு மேல். கழுவும் நீர் தெளியும்வரை சிறிது சிறிதாகக் கழுவி இடுதல் வேண்டும்.

நுண்மணலை ஆழமாகப் பரப்புவதில் ஓர் அபாயம் உண்டு. மணலின் மேற்பரப்பிலே வாழும் பற்றீரியாக்கள் மீன்கழிவின் அமோனியாவை நைத்திரைற்றாகவும் நைத்திரேற்றாகவும் மாற்றித் தொட்டியைக் காக்கின்றன. அதற்கு ஒட்சிசன் வேண்டும். நீர் புகாது இறுகிய கீழ்ப்படையிலே ஒட்சிசன் அற்றுப்போக, வேறு பற்றீரியாக்கள் நீரிலுள்ள சல்பேற்றிலிருந்து ஐதரசன் சல்பைட்டை உண்டாக்கும். கூழ்முட்டை மணமுடைய அவ்வாயு மீனுக்குக் கொடிய நஞ்சு. வெண்மணலிலே இந்நிலை வருமுன்னரே எச்சரிக்கை கிடைத்துவிடும்: சல்பைட்டு இரும்போடு சேர்ந்து கண்ணாடியோரத்தில் கரும்புள்ளிகளாய்த் தெரியும். கருமணலிலே அக்கரும்புள்ளியை யார் காண்பார்? எரிமலை மணலைப் புகழ்வோர் பெரும்பாலும் சொல்லாது விடும் குறை இதுவே. கண்ணுக்குப் பதிலாகக் கையும் மூக்குமே இங்கு உதவும். வாரமொருமுறை மெல்லிய கோலால் மணலைக் கிளறுதலும், எழும் குமிழியின் மணத்தை அறிதலும், 4 சென்ரிமீற்றருக்கு மேல் ஆழம் வையாதிருத்தலும் வேண்டும். மணலுள் ஊர்ந்து திரியும் கூர்ஞ்சுருள் நத்தைகள் சிலவற்றை விட்டாற் கிளறும் வேலையை அவையே இரவிலே செய்யும். மறுபுறம், மேலே விழும் கழிவும் உண்ணாத உணவும் கருந்தரையிலே உடனே தெரிவதால், அளவுக்கு மிஞ்சி உணவிடும் வழக்கம் விரைவிற் திருந்தும்.

நீர்ச்செடிகளைப் பொறுத்தவரை மிகைக்கூற்று மிகுதி. எரிமலை மண் வளமானது, எரிமலை மணலில் இரும்பு உண்டு, ஆதலாற் செடி செழிக்கும் என்பர். எரிமலை மண் வளமானது உண்மையே. அவ்வளம் பாறை பன்னெடுங்காலம் சிதைந்து களியாக மாறியதனால் வந்தது. தொட்டியிலிடும் கருமணல் சிதையாத பாறைத்துகள். அதிலுள்ள இரும்பு கனிமத்துள்ளே பூட்டப்பட்டிருக்கின்றது. ஒட்சிசன் மிக்க நீரில் அது கரைந்து வேருக்குக் கிட்டுவதில்லை. எரிமலைச் சாம்பல் மண்ணிலிருந்து ஜப்பானிலே செய்யப்படும் மண்ணுருண்டைகள் வேறு. அவை களித்தன்மையால் ஊட்டப்பொருளைப் பற்றிவைத்து வேருக்கு உதவுவன. மீன்தொட்டியின் அடித்தரை தொடக்கத்திலே செடிக்காக இடப்பட்டதென்பதும் நினைக்கத்தக்கது. 1850 இல் இலண்டன் இரசாயனவறிஞர் ரொபேட் வாரிங்டன், இரண்டு பொன்மீன்களோடு வலிசுநேரியா என்னும் நீர்ச்செடியையும் நத்தைகளையும் ஒரே கலத்தில் வாழவைத்த ஆராய்ச்சியை வெளியிட்டபோது, அவர் மணலும் சேறும் இட்டது செடி வேரூன்றவே. அழகு பின்னர் வந்தது. கருமணலில் செடி வளர்க்க விரும்புவோர் வேரடியில் உரவில்லைகளைப் புதைத்தல் வேண்டும். கருந்தரை ஒளியைத் திருப்பாதாதலின், செடியின் கீழிலைகளுக்குச் சற்று மிகுதியான ஒளியும் வேண்டும்.

மீனின் செம்மையும் மணலினால் மாத்திரம் வருவதன்று. செந்நிறந்தாங்கிக் கலத்துக்கு வேண்டிய கரோட்டினோயிட்டுப் பொருளை மீன் தன்னுடலில் ஆக்க இயலாது, உணவிலிருந்தே பெறுகின்றது. சிறு இறால், நீர்த்தெள்ளு, பாசி முதலியவற்றை உண்ணாத புலத் ஹப்பயா எத்தகைய கருந்தரையிலும் சிவக்கமாட்டாது. வெள்ளிநிற மீன்கள் சில கருமணலிலே மங்கிக் காணப்படுவதும் உண்டு. அவற்றைப் பேணுவோர் இளமஞ்சள் ஆற்றுமணலோடு அமைவதே பொருத்தம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டினர்க்கு இதிலே தனிக்கவலை ஒன்றுண்டு. சுண்ணக்கற் பாறையிலே தோண்டிய கிணறுகளின் நீர் இயல்பாகவே வன்மையானது. தென்மேற்கின் ஓடைகளிலோ நீர் மென்மையும் சிறிது அமிலத்தன்மையும் உடையது. கருமணல் கிணற்று நீரை மேலும் வன்மையாக்காது, மென்மையாக்கவும் மாட்டாது. வன்னீரிலே வாழ்வதற்கு இக்கெண்டைகள் ஓரளவு பழகிவிடுமாயினும், முட்டையிடச் செய்தல் கடினம். மாரிகாலத்திலே முதல் மழைகள் கூரையைக் கழுவிச் சென்றபின் பிடித்துவைத்த மழைநீரைக் கிணற்று நீரோடு கலந்து, ஒரே நாளிலன்றிப் பல நாட்களிற் சிறிது சிறிதாகத் தொட்டியின் நீரை மாற்றிவரல் வேண்டும்.